பின்சக்கரத்தின் பிடி

மணவாளனுடைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பிரேக்குகள் இருந்தன. இரண்டின் மேலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது.

வலது கைப்பிடியோடு இருந்தது முன்சக்கரத்துக்கு. இடது காலடியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு மிதி பின்சக்கரத்துக்கு. வண்டியை அவனிடம் விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ரோட்டு வேலை பார்த்த பிரெஞ்சுக்கார மிசியே, போகிற அவசரத்திலும் அதைப் பற்றி ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் போனார். பேச்சு புரியாது என்பதால் செய்தே காட்டினார். வலது கையை இறுக்கி மூடி, உடனே உள்ளங்கையை மேசைமேல் குப்புறப் புரட்டிப் போட்டார். முன்னதைப் பிடித்தால் தலைகீழாகப் போவாய் என்று அர்த்தம். பிறகு இடது காலால் தரையைத் தட்டி, "ஸா, வுய்", இதுதான் சரி என்று சிரித்தார்.

அந்த வெயில் காலம் முழுக்க மணவாளன் காலாலேயே நிறுத்தினான். ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், பாகூர் ஏரிக்கரையை விட்டு இறங்கும் களிமண் பாதையில் ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது. பதறிப்போய் மிதியை ஏறி மிதித்தான். பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது, வண்டி நிற்கவில்லை. பின்பாதி பக்கவாட்டில் திரும்பி முன்பாதியை முந்திக்கொண்டு வர, அவனும் வண்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக நாற்றங்காலுக்குள் போய் விழுந்தார்கள். கணுக்கால் வீக்கம் வடியக் கார்த்திகை ஆயிற்று.

அதற்குப் பிறகு இடது காலை அந்த மிதியின் பக்கமே கொண்டுபோவதில்லை. "பின்பிரேக்கு கழுத்தறுத்துடும்" என்பான். முன்னதைப் பிடிக்கலாம் என்றால் மிசியேயின் குப்புறக் கவிழ்ந்த கை கண்ணெதிரே வந்து நிற்கும். ஆகவே வெகு தூரத்திலேயே விசையைத் தணித்து, இரண்டு காலாலும் மண்ணை உழுதுகொண்டே வந்து, கடைசியில் கைப்பிடியைத் தேளைத் தொடுகிறவன் மாதிரித் தொடுவான்.

அவன் மனைவி தையலம்மாள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. அத்தை மகனையே கட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்கே வந்தவள். அத்தை அம்மணி மற்ற எதற்கும் அவளைத் தடுத்ததில்லை. இதற்கு மட்டும் தடை. "இவன் வுழுந்தா வேட்டிய தட்டிக்கினு எழுந்து வந்துடுவான். நாம வுழுந்தா ஊரே சிரிக்கும்டி" என்பாள். ஆனால் காலையில் கொட்டகையில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது, தையலம்மாள் சாணி அள்ளப் போகிற சாக்கில் போய் எண்ணெய்த் தொட்டியின்மேல் உள்ளங்கையை வைப்பாள். சினைமாட்டின் வயிற்றில் கை வைத்தால் உள்ளே கன்று அசைவது தெரியுமே, அது மாதிரி ஒரு துடிப்பு. உயிர் இல்லாத இரும்புக்குள் இது எப்படி வந்தது என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

தை மாதத்தில் ஆலை ஓட்டம். கரும்புத் தோட்டத்து மேட்டில் ஓலைக் கொட்டாய் போட்டு, இரண்டு ஜோடி மாடுகளை மாற்றி மாற்றிப் பூட்டிச் செக்கு மாதிரிச் சுற்றவிட்டால் இரும்பு உருளைகளுக்கு நடுவே கரும்பு நசுங்கிச் சாறு சால்பானையில் விழும். சாற்றை வடிகட்டிப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றி, கீழே காய்ந்த கரும்புச் சோகையைத் தள்ளித் தள்ளி எரிப்பார்கள். வெண்டைத் தண்டை இடித்துப் போட்டால் அழுக்கெல்லாம் பச்சை நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை வழித்துக் கொட்டக் கொட்டச் சாறு மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் எருமைக் குளம்படிச் சேறு மாதிரி 'குபுக் குபுக்'கென்று கொதிக்கும். அந்தப் பத்து ஊர்க் காற்றுக்கும் அப்போது ஒரே வாசனைதான்.

கொப்பரைக்காரன் பக்கிரி. பாகின் பதம் அவன் சொல்லுகிறதுதான். சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு விடிந்ததிலிருந்து துடுப்போடு நின்றவன், வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தான்.

"எறக்கலாம் வாங்கப்பா" என்றான்.

கொப்பரையின் காதுகளில் மூங்கில்களைக் கோத்து, ஒரு பக்கம் பக்கிரியும் இன்னொரு ஆளும், எதிர்ப்பக்கம் மணவாளனும் இன்னொருவனும் தூக்கினார்கள். அடுப்புக்கு அந்தண்டை பாகை ஊற்றும் மரத்தொட்டி. அதன் அருகே முதுகைக் காட்டிக்கொண்டு அம்மணி உட்கார்ந்து வெல்ல அச்சுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பனியில் ஊறியிருந்த மூங்கில் ஒன்று காதுக்குள் வழுக்கியது. கொப்பரை அம்மணியின் முதுகைப் பார்த்துச் சாய்ந்தது.

தையலம்மாள் சோகைக் கட்டோடு பக்கத்தில் நின்றாள். கட்டைப் போட்டுவிட்டு, கொப்பரை விளிம்புக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து உந்தினாள். கொப்பரை நின்றது. ஆட்கள் சமாளித்து நிமிர்த்தினார்கள். விளிம்பில் ததும்பியிருந்த பாகு மட்டும் முழங்கை வரைக்கும் அவள்மேல் இறங்கியது.

தண்ணீரோ எண்ணெயோ என்றால் சுட்டுவிட்டு வழிந்தோடிவிடும். பாகு போகாது. ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

அவள் உடனே கத்தவில்லை. வெயில் பட்டு இரண்டு கைகளும் பொன்னால் வார்த்ததுபோல் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கிரிதான் பாய்ந்து வந்து, அவளை இழுத்துப்போய் மாட்டுத்தண்ணித் தொட்டிக்குள் கைகளை முக்கினான். அப்போது வந்தது குரல். சுற்றிக்கொண்டிருந்த மாடுகள் நின்றுவிட்டன.

அம்மணி திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "என் முதுவுல வுழ வேண்டியதுடி இது. என் முதுவுல வுழ வேண்டியது" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சுண்ணாம்புத் தண்ணியில் தேங்காயெண்ணெய் என்றது ஒரு குரல். மாட்டுச் சாணி என்றது ஒன்று. பாகு கல்லாக இறுகிவிட்டது, பிய்த்து எடுத்துவிடலாம் என்று ஒருவன் கை நீட்டினான்.

"தொடாத!" என்றாள் அம்மணி. இப்போது அவள் குரல் திரும்பியிருந்தது. "பிச்சா தோலோட வந்துடும். பெரிய ஆஸ்பத்திரிக்கி தூக்கினு போவணும்."

"வண்டி பூட்டட்டுமா ஆயீ?" என்றான் பக்கிரி.

"மாட்டு வண்டி புதுச்சேரி போயி சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். டேய் மணவாளா, எட்றா அத."

"எதம்மா?"

"ஒன் டபடபாவத்தான்."

"அவ எப்பிடிம்மா குந்துவா? புடிச்சிக்க கையி இல்லியே. நானே தட்டுத் தடுமாறி நிறுத்தறவன்."

"நான் கட்டி வுடறன். நீ ஓட்டு."

வாழைக்குருத்தை வாட்டாமல் அப்படியே பிளந்து, ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு கைகளையும் சுற்றினாள் அம்மணி. தையலம்மாள் பின்னால் இருந்த தோல்மெத்தையில் ஒருக்களித்து உட்காரப் போனாள். "வெக்கத்த பாக்காத. ரெண்டு பக்கமும் கால போடுடி" என்று அம்மணியே அவள் புடவையைக் கொசுவி மேலே செருகினாள். தன் மாற்றுப் புடவையை நீளவாக்கில் கிழித்து, மகனையும் மருமகளையும் இடுப்போடு சேர்த்து ஒரு கட்டு, மார்போடு சேர்த்து ஒரு கட்டு. தையலம்மாளின் கைகளைத் தூக்கி அவன் தோள்கள்மேல் நீட்டி வைத்தாள். இலைச்சுருள்கள் இரண்டும் அவன் காதுகளுக்கு இருபுறமும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன.

வண்டி கிளம்பியது.

தையலம்மாளுக்கு முதலில் வலி ஒன்றுதான் தெரிந்தது. ஏரிக்கரை ஏறியதும் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. கரை நெடுக நிற்கும் பனைமரங்கள் ஒவ்வொன்றும் தூரத்தில் சும்மா நின்று, கிட்டத்தில் திடீரென்று எழுந்து, விர்ரென்று பின்னால் ஓடின. பிறந்ததிலிருந்து பார்த்த ஏரி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் கால் கடுக்கும் ஏரி. அதைச் சுருட்டிய பாயை விரிக்கிற மாதிரி அவள் கண்முன் யாரோ விரித்துக்கொண்டே போனார்கள். சத்தத்துக்குப் பயந்து நீர்க்கோழிகள் தண்ணீரை உதைத்துக்கொண்டு கிளம்பின. சற்று நேரம் அவையும் வண்டியும் ஒரே வேகத்தில் பக்கம் பக்கமாகப் போயின. ஒரு பறவையின் கண்ணை அவள் பார்த்தாள். பறக்கிற பறவையின் கண்ணைப் பக்கவாட்டில் பார்க்க மனுசிக்கு வழியுண்டா என்ன? கைகள் எரிய எரிய வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

கரை இறங்கித் திரும்பியதும் வாத்து மந்தை.

அறுவடையான வயல்களை மேய்ந்துவிட்டுப் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தன. மணவாளனுக்குக் காலை ஊன்றி உழ இடமில்லை. அவன் கால்களுக்குப் பின்னால் அவள் கால்கள். கைப்பிடியை இறுக்கினான். வண்டியின் மூக்கு சடாரென்று குனிந்தது. தையலம்மாளின் உடம்பு முழுக்க அவன் முதுகில் மோதியது. தோளின்மேல் கைகள் தேய்ந்துகொண்டு முன்னால் போயின. வாழையிலைக்குள் ஏதோ கிழிந்தது.

அவள் கத்திய கத்தலில் வாத்துகள் இரண்டாகப் பிரிந்து வயலுக்குள் இறங்கின.

வண்டி நின்றிருந்தது. மணவாளனின் முதுகு குலுங்குவதை அவள் தன் மார்பில் உணர்ந்தாள்.

"அழுவறியா மாமா?"

"என்னால ஆவாது தையலு. ஒவ்வொரு வாட்டி நிறுத்தறப்பவும் உன்ன சாவடிச்சிடுவன். வா, நடந்தே போவலாம். நான் தூக்கினு போறன்."

"எம்மாந் தூரம் தூக்குவ? இது ஏன் இப்பிடி முட்டுற மாடு கணக்கா குனியுது?"

"முன்பிரேக்கு அப்பிடித்தான். முன்சக்கரத்த புடிச்சா பின்னால இருக்கறதெல்லாம் முன்னால வந்து வுழும்."

"அப்ப பின்னத புடி."

"பின்னதா? அது என்ன நாத்தங்கால்ல போட்டு மிதிச்சது உனக்குத் தெரியாது? சக்கரம் நின்னுடும், வண்டி நிக்காது. பக்கவாட்டுல இழுத்துக்கினு போயிடும்."

தையலம்மாள் மூச்சை இழுத்து விட்டாள். வலி அலையலையாக வந்தது. ஓர் அலைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பேசினாள்.

"அன்னிக்கி மழ."

"ஆமா."

"அன்னிக்கி நீ ஒண்டி. பின்னால ஒரு கூடகூட இல்ல. பின்பாரம் இல்லாத வண்டி எறக்கத்துல இன்னா பண்ணும்? பின்னால தூக்கிக்கும். இன்னிக்கி நான் குந்தியிருக்கறன். என் கனத்த தாண்டி அது எங்க ஓடும்?"

அவன் குனிந்து இடது காலடியில் இருந்த மிதியைப் பார்த்தான்.

"மாமா, எனக்கு பேச முடியல. சும்மா தொட்டுப் பாரு. ஏறி மிதிக்காத. கொழந்தைய தூங்க வச்சிட்டு தூளி ஓரமா கால எடுத்து வப்பியே, அப்பிடி."

அப்படி ஒரு குழந்தை அவர்களுக்கு அப்போது இல்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மணவாளன் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

நேரான காய்ந்த பாதை வந்தது. வண்டி வேகம் பிடித்தபின், எதிரே ஒன்றும் இல்லாதபோதே அவன் இடது காலை மிதிமேல் வைப்பது தையலம்மாளுக்குத் தெரிந்தது. அவன் தொடை இறுகியது. மூச்சை நிறுத்தியிருந்தான்.

அழுத்தினான்.

அவள் மோதலை எதிர்பார்த்து உடம்பைக் கெட்டியாக்கிக்கொண்டு காத்திருந்தாள். மோதல் வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த தோல்மெத்தை மெல்லத் தாழ்ந்தது. பூமிக்குள்ளிருந்து யாரோ கை நீட்டி வண்டியின் அடிவயிற்றை அணைத்துப் பிடித்து, 'போதும், இரு' என்று தன் பக்கம் இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஓடிய பனைமரங்கள் நடந்தன. நடந்தவை நின்றன. தோள்மேல் இருந்த கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இத்தனை வேகமும் எங்கே போயிற்று? சத்தமில்லாமல், ஒரு சிராய்ப்பில்லாமல், பறவையோடு பறந்த அத்தனையும் காலடியில் ஓர் இரும்புத்துண்டுக்குள் அடங்கிவிட்டதா? தையலம்மாளுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. இதுவரை அந்த வண்டி ஓடுவதைத்தான் ஊரில் எல்லோரும் அதிசயமாகப் பேசியிருந்தார்கள். அது இப்படி நிற்கும் என்று யாரும் சொன்னதில்லை.

"மாமா."

"வலிச்சுதா?"

"இல்ல. இப்ப பண்ணுன பாரு, அதயே பண்ணு. எங்க நிறுத்தனாலும் அதயே பண்ணு."

அவன் சிரித்தானா அழுதானா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பக்கத்து நாடு அப்போது ஒட்டுப்போட்ட துணி. பிரெஞ்சுக்காரன் மண் முடிந்து இங்கிலீஷ்காரன் மண் வரும். ஒரு சுருட்டு பிடித்து முடிப்பதற்குள் மறுபடியும் பிரெஞ்சுக்காரன் மண். எல்லையில் பாதைக்குக் குறுக்கே ஒரு பனங்கட்டை. மணவாளன் தூரத்திலேயே காலால் மிதியைத் தொட்டு, கொஞ்சம் விட்டு, திரும்பத் தொட்டு, கடைசி நடைவேகத்தில் கையையும் லேசாகச் சேர்த்துக் கட்டைக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான்.

சாவடிச் சிப்பாய் துப்பாக்கியோடு வந்து மூக்கை உறிஞ்சினான்.

"எறங்கு. இன்னா அது, இலையில சுத்தி?"

"எறங்க முடியாதுங்க. கட்டியிருக்குது."

"வெல்ல வாசன ஆளையே தூக்குது. தீர்வ கட்டாம வெல்லம் இந்தண்ட வரக்கூடாதுன்னு தெரியுமில்ல?"

"வெல்லந்தாங்க" என்றான் மணவாளன். "என் பொண்டாட்டி கையில ஒட்டியிருக்குது."

சிப்பாய் கேலி என்று நினைத்து இலையின் நுனியைத் துப்பாக்கி முனையால் ஒதுக்கினான். ஒதுக்கியவன் அப்படியே நின்றான். தையலம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலையை மறுபடி மூட அவன் விரல்கள் பட்ட பாட்டைப் பார்த்து அவளுக்கே இரக்கமாக இருந்தது. ஓடிப்போய்ப் பனங்கட்டையைத் தானே தோளில் தூக்கி நிறுத்தினான்.

"போ தம்பி, போ. அபிஷேகப்பாக்கம் வாய்க்காலாண்ட பாத்துப் போ. காலைல கரும்பு வண்டிங்க போயி தொப்பலா நனைச்சி வச்சிருக்குது."

அவன் சொன்னது சரி. பாலமில்லாத வாய்க்கால். பாதை சரிந்து தண்ணீருக்குள் இறங்கி மறுகரையில் ஏறும். ஏறிப்போன கரும்பு வண்டிச் சக்கரங்கள் வாரி இறைத்த தண்ணீரில் சரிவு முழுக்கக் களிமண் பளபளத்தது. மணவாளன் சரிவின் தலைக்கு வந்துவிட்ட பிறகுதான் அதைப் பார்த்தான். பழகிவிட்ட தைரியத்தில் இடது காலை அழுத்தினான்.

பூமியின் கை இந்தத் தடவை பிடிக்கவில்லை.

தனக்குக் கீழே சக்கரம் செத்துப்போனதை முதலில் அறிந்தவள் தையலம்மாள்தான். துடிப்பு நின்றது. வண்டியின் வால் மீன் துள்ளுகிற மாதிரி வலப்பக்கமாக வழுக்கியது. வானமும் வாய்க்காலும் சாய்ந்தன. மணவாளன் ஐப்பசி மழைக்குள் போய்விட்டான். அவன் உடம்பு மரக்கட்டையாகிவிட்டது, கால் இன்னும் பலமாக மிதியை நசுக்கியது.

"எடு மாமா! கால எடு!"

எடுத்தான்.

அடியில் சக்கரத்துக்கு உயிர் வந்தது. உருண்டது. உருண்ட மறுகணமே, தலைக்கயிற்றைச் சுண்டினால் மாடு பாதைக்கு வருவதுபோல, வண்டி தானாகவே நேராக நிமிர்ந்துகொண்டது. சளாரென்று தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வெள்ளை இறக்கை விரித்து, மறுகரை ஏறி, உலர்ந்த மண்ணில் நின்றது.

ஒரு சொட்டு நீர் தையலம்மாளின் உதட்டில் விழுந்தது. குளிர்ச்சி. நாக்கால் எடுத்துக்கொண்டாள்.

"அதுவா நிமுந்துது" என்றான் மணவாளன். "நான் ஒண்ணும் பண்ணல தையலு. கால எடுத்தன், அவ்வளவுதான். அதுவா நிமுந்துது."

"ஆமா மாமா."

"அன்னிக்கி நான் எடுக்கவே இல்ல. வுழற வரைக்கும் மிதிச்சிக்கினே இருந்தன்." வண்டியை மறுபடி கிளப்பிக்கொண்டே, "ஆடு போயிட்ட பெறவும்" என்றான்.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் சந்தை வண்டிகளுக்கு நடுவே அவன் தயங்காமல் நுழைந்து நுழைந்து போனான். ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த குதிரை வண்டிக்கு ஒதுங்கி நின்றான். ஒவ்வொரு தடவையும் இருக்கை தாழ்ந்தது, உலகம் நின்றது. தையலம்மாளுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. விழித்தபோதெல்லாம் காதோரம் அவன் முணுமுணுப்பு கேட்டது. "மண்ணு காஞ்சிருக்குது, மிதி. இங்க ஈரம், வேணாம், முன்னாலயே தணிச்சிக்க." சாமி கும்பிடுகிறவன் மாதிரி அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகளோடு தமிழ் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். மீனாட்சி என்று பெயர். வெதுவெதுப்பான தண்ணீரில் பாகைக் கரைத்துக் கரைத்து எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் தையலம்மாளுக்கு நினைவு தப்பியது. மீனாட்சி வெளியே வந்தபோது, நடையில் நின்றுகொண்டே இருந்த மணவாளனின் இடுப்பில் கிழிந்த புடவைக் கட்டு அவிழ்க்காமல் இருந்தது.

"கையி இருக்கும். எடுக்க வேண்டியதில்ல" என்றாள். "எடது கையில ஒரு எடத்துல மட்டும் இழுபட்டு தோல் கிழிஞ்சிருக்குது. மத்த எடத்துல தோலு அப்பிடியே ஒக்காந்திருந்தது. எதுல கூட்டியாந்தீங்க?"

"மோட்டார் சைக்கிள்லங்க."

"மோட்டார் சைக்கிள்லயா? பாகூர்லேந்தா?"

"ஆமாங்க. அந்தக் கிழிசல் வாத்தாண்ட நிறுத்தனப்ப ஆனது. அதுக்கப்புறம் நான் கிழிக்கல" என்றான் மணவாளன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலேயே அவனுக்கு உட்கார ஒரு முக்காலி எடுத்துப் போட்டாள்.

மாசி முழுக்க ஆஸ்பத்திரிதான். அம்மணி மாட்டு வண்டியில் வந்தவள் திரும்பவே இல்லை. மருமகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள், தலை வாரினாள், கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். ஊட்டும்போது மட்டும் மருமகளின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

"இன்னாத்த அத்த, பாக்காமலே ஊட்டற? மூக்குல போவுது."

"பாத்தா அழுதுடுவன்டி."

"அழு. பக்கத்துக் கட்டுல்ல ஒருத்தி மாட்டுக் கொம்புல மாட்டிக்கினு வந்து சிரிச்சிக்கினு கெடக்கறா. நீ அழுதா அவளுக்கும் பொழுது போவும்."

அம்மணி அழவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டே, "எப்பிடிடி இருந்தது, அதுல போறப்ப?" என்று கேட்டாள்.

தையலம்மாள் யோசித்தாள். பறவையின் கண்ணைச் சொல்லலாம். வாய்க்கால் தண்ணீர் இறக்கை விரித்ததைச் சொல்லலாம்.

"அது நிக்கும் பாரு அத்த. அது மாதிரி நான் ஒண்ண பாத்ததே இல்ல" என்றாள்.

பங்குனியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தோல் கிழிந்த இடது கைகூடத் தேறிவிட்டது. பாகு ஆழமாகச் சுட்டிருந்த வலது கையின் விரல்கள் பாதி மடங்கி, எதையோ ஏந்தப் போகிற மாதிரி நின்றுவிட்டன. இனி அவை முழுசாக மூடவும் மாட்டா, விரியவும் மாட்டா என்றாள் மீனாட்சி. அம்மணி துணிமணிகளோடு விடியற்காலையிலேயே மாட்டு வண்டியில் கிளம்பிவிட்டாள். தையலம்மாள் மணவாளனோடு மோட்டார் சைக்கிளில் வந்தாள்.

தவளக்குப்பத்தில் நிறுத்தி ஆளுக்கு ஒரு சொம்பு மோர் குடித்தார்கள். வெயில் நன்றாக ஏறிவிட்டது. பாதை எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.

"மாமா, நான் முன்னால குந்தறன்."

"முன்னால எங்க?"

"நீ குந்தற எடத்துல. நீ பின்னால குந்தி கைய முன்னால வுட்டு ஓட்டு. எனக்கு அந்த மிதி வேணும்."

"உன்னால..." என்று தொடங்கியவன் அவள் வலது கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"கையி கொஞ்சம் கொற. காலு நல்லாத்தான இருக்குது?"

யாரும் பார்க்காத ஒரு தோப்போரமாக முயன்றார்கள். முதல் தடவை வெடுக்கென்று மிதித்துவிட்டாள். பின்சக்கரம் புழுதியில் கோடு கிழித்தது. "எடு, எடு" என்றான் அவன். எடுத்தாள். இரண்டாம் தடவை நிற்க வேண்டிய புளியமரத்தைத் தாண்டிப் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு, தன் காலுக்குக் கீழே பூமியின் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று தேடினாள். இருந்தது. பதமாக, எட்டிப் பிடிக்கும் தூரத்தில், காத்துக்கொண்டிருந்தது.

ஆலைக் கொட்டாயில் கடைசி நாள் ஓட்டம். சத்தம் கேட்டுப் பக்கிரி துடுப்போடு வெளியே வந்தான். சோகை சுமக்கிற பெண்கள் வந்தார்கள். சற்று முன்புதான் வண்டியிலிருந்து இறங்கியிருந்த அம்மணி, மூட்டையும் கையுமாகப் பாதை நடுவிலேயே நின்றுவிட்டாள்.

மேட்டுப் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டி வந்தது. முன்னால் உட்கார்ந்திருப்பது மருமகள் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"நவுரும்மா!" என்று மணவாளன் பின்னாலிருந்து கத்தினான்.

அம்மணி நகரவில்லை. பயத்தில் நகர முடியவில்லையா, நகர வேண்டாம் என்று நின்றாளா, அவளைத்தான் கேட்க வேண்டும். தையலம்மாள் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இடது காலை இறக்கினாள். இருக்கை தாழ்ந்தது. அத்தனை வேகமும் அவள் பாதத்தின் வழியாக மண்ணுக்குள் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. கொட்டாய் நின்றது, மரங்கள் நின்றன, முன்சக்கரம் அம்மணியின் கால்விரல்களுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின்னால் வந்த புழுதி மட்டும் நிற்காமல் எல்லோரையும் கடந்து போயிற்று.

மாடுகள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

"யாருடி நிறுத்தனது?" என்றாள் அம்மணி.

"நான்தான் அத்த."

அம்மணி குனிந்து மருமகளின் இடது காலைப் பார்த்தாள். மிதியின்மேல் அது இன்னும் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தது. புழுதி படிந்த பாதம், மெட்டி, அதற்குக் கீழே ஒரு சின்ன இரும்பு. வெகு நேரம் பார்த்தாள். பிறகு மூட்டையைப் பக்கிரியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மறுபடி நன்றாகக் காலை ஊன்றி நின்றாள்.

"அந்த மேட்டுக்கு போயிட்டு திரும்பி வா" என்றாள். "இன்னொரு வாட்டி நிறுத்து. நான் இங்கயே நிக்கறன்."